வழிமொழிய ஓர் ஆள்

வெள்ளிக்கிழமை காலை வாகீசனின் மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற மின்கம்பத்து ஒலிபெருக்கி இரண்டு முறை இருமிவிட்டுப் பேசத் தொடங்கியது. வாகீசன் உடனே இயந்திரத்தை நிறுத்தினார். ஒலிபெருக்கி பேசும்போது இயந்திரம் எதுவும் ஓடக்கூடாது என்பது நுணாவெளியில் ஒரு விதி. அந்த விதியையும் ஒரு காலத்தில் வழிமொழிந்தவர் அவர்தான்.

"எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் ஒன்றியத்தின் விசேட பொதுக்கூட்டம். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் சமுகமளிக்க வேண்டும். ஒழுங்கு மீறல் சம்பந்தமாகப் பிரேரணை ஒன்று சபைக்கு வரும்."

தங்கள் முறைக்காக வாங்குப் பலகையில் காத்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் வாகீசனையே பார்த்தார்கள்.

"இந்த முறை ஆரை நிப்பாட்டப் போகினம், அண்ணை?" என்று மெல்லக் கேட்டாள் லூர்த்தம்மா. கடற்கரை ஊரொன்றிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய வாய் சும்மா இராது.

"எனக்கென்ன பிள்ளை தெரியும்?"

"தெரியாமலே வழிமொழியிறதோ? உலை வைக்க முந்தியே உப்புப் போதும் எண்டு சொல்லுற ஆள் நீங்கள்."

ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு மின்கம்பத்தில் இருந்த கமெராவை நினைத்துக்கொண்டு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். வாகீசன் மறுபடி இயந்திரத்தை ஓடவிட்டார். அந்த இரைச்சலுக்குள் தலையைக் குனிந்துகொள்வது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

வாகீசன் கெட்ட மனிதர் அல்லர். அரைக்க வந்த மாவில் ஒரு சிட்டிகைகூட எடுக்காதவர். இல்லாதவர்கள் கொண்டுவரும் சின்னப் பையை முதலில் அரைத்துக் கொடுப்பவர். விடியற்காலையில் பிள்ளையார் வாசலில் விழுந்து கும்பிட்ட பிறகுதான் மில் கதவைத் திறப்பார். அவரிடம் ஒரேயொரு பலவீனம் இருந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சு நின்றுபோய், யாராவது ஒருவர் சங்கடப்பட்டுக்கொண்டு நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வெறுமையை நிரப்ப ஏதாவது சொல்லிவிடுவார். இது நல்ல குணம்தான். ஆனால் நல்ல குணத்துக்கும் காவல் வேண்டும். காவல் இல்லாத வேலிப் படலையால் ஆடும் வரும், நரியும் வரும்.

எங்கள் ஊர்களில் கூட்டம் வைக்காமல் எதுவும் நடக்காது. கோயில் திருவிழாவுக்கு ஒரு சபை, செத்தவீட்டு உதவிக்கு ஒரு சங்கம், பந்தடிக்கிற பெடியளுக்கு ஒரு கழகம். ஒவ்வொன்றிலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அதன் பிறகுதான் அது முடிவு. முன்மொழிவதற்கு யாராவது கிடைப்பார்கள். வழிமொழியத்தான் ஆள் இருக்காது. எல்லோரும் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கள்வர் பயம் ஊரை உலுப்பிய வருடத்தில் அப்படித்தான் ஒரு கூட்டம் நடந்தது. முகத்தை மூடிக்கொண்டு வாளோடு வந்தவர்கள் இரண்டு வீடுகளை உடைத்திருந்தார்கள். அப்போது பஞ்சலிங்கம்தான் இளைஞர்களைச் சேர்த்து வீதியில் காவல் நின்றார். மழைக்கு வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியபோதும், இடுப்பளவு தண்ணீரில் உழவு இயந்திரத்தை ஓட்டிப் போய் முதியவர்களை ஏற்றிவந்தவர் அவர்தான். இதெல்லாம் உண்மை. பொய் சொல்லக்கூடாது. அவர் மட்டும் இல்லையென்றால் அந்த வருடம் ஊரில் சில உயிர்கள் போயிருக்கும்.

சனசமூக நிலையத்துக்கு அவரைத் தலைவராக்க வேண்டுமென்று ஏரம்பு மாஸ்டர் முன்மொழிந்தார். மாஸ்டர் இளைப்பாறிய வாத்தியார், வாகீசனோடு ஒன்றாகப் படித்தவர். முன்மொழிந்த பிறகு சபை வழக்கம்போல அமைதியாகிவிட்டது. மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு, நல்லது செய்த மனிதருக்குரிய கூச்சத்தோடு நின்றார். வாகீசனால் பொறுக்க முடியவில்லை.

"நான் வழிமொழியிறன்," என்றார்.

பஞ்சலிங்கம் அவரை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வையில் அன்றைக்குக் கள்ளம் இருக்கவில்லை என்றுதான் வாகீசன் இன்றும் நம்புகிறார்.

அதன்பிறகு எல்லாம் படிப்படியாக நடந்தது. தனித்தனியாக இருந்தால் ஒற்றுமை வராது என்று சங்கங்களையும் கழகங்களையும் கோயில் சபையையும் ஒன்றாக்கி 'ஒன்றியம்' என்று பெயர் வைத்தார்கள். வாகீசன் வழிமொழிந்தார். கள்வரைப் பிடிக்கக் கமெராக்கள் பூட்டினார்கள். வழிமொழிந்தார். வீதியின் தொடக்கத்தில் தடைக்கம்பம் போட்டார்கள், வருவோர் போவோரை விசாரித்தார்கள். அதையும் வழிமொழிந்தார். நுணாவெளி கடனீரேரிக் கரையில் இருக்கிற ஊர். வீட்டுக் கிணறுகளெல்லாம் உவர். பிள்ளையார் கோயில் வீதியில் இருக்கிற ஒரேயொரு கிணற்றில்தான் நல்ல தண்ணீர். யாரோ அதற்குள் நஞ்சு போடப் பார்த்தார்கள் என்று ஒரு கதை எழும்பியது. கிணற்றுக்கு இரும்பு மூடியும் பூட்டும் வந்தன. பூட்டின் திறப்பு ஒன்றியத்திடம் இருந்தது. கடைசியில், ஆளை அடிக்கடி மாற்றினால் அலுவல் கெடும் என்று சொல்லித் தலைவர் தெரிவையே நிறுத்திவைத்தார்கள். முன்மொழிகிறவர்கள் முறைவைத்து மாறினார்கள். வழிமொழிகிறவர் மட்டும் மாறவில்லை. முன்வரிசையில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

தொடக்கத்தில் அது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கூட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் தன் பெயர் கேட்கும்போது, நாலு பேருக்கு உதவியாக இருக்கிறோம் என்று நினைத்தார்.

இப்போது தலைவரின் படம் வாசிகசாலையில் மட்டுமல்ல, கோயில் மடப்பள்ளிச் சுவரிலும் தொங்கியது. வாசிகசாலைக்கு வரும் பத்திரிகையில் சில இடங்கள் சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். அந்த ஓட்டையால் பார்த்தால் எதிரே இருப்பவரின் முகம் தெரியும். காலையில் தலைவர் கைப்பேசியில் ஊர் முழுவதற்கும் வணக்கம் அனுப்புவார். எல்லோரும் கும்பிடும் கையைப் பதிலாக அனுப்ப வேண்டும். அனுப்பாத வீட்டுப் படலையில் முற்பகலுக்குள் இரண்டு பேர் வந்து நின்று, "சுகமில்லையோ?" என்று அன்பாக விசாரிப்பார்கள். கலியாணம் பேசினாலும், காணி விற்றாலும், வெளியூர் போனாலும் முதலில் தலைவருக்குச் சொல்ல வேண்டும். சனம் தங்கள் வீட்டுக் குசினி அடுப்படியிலும் குரலைத் தாழ்த்திக் கதைக்கப் பழகிக்கொண்டது.

பஞ்சலிங்கம் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. யாரையும் அடித்ததில்லை. "நான் தனிய ஒண்டும் செய்யிறேல்லை. சபை சொல்லுது, நான் செய்யிறன்," என்பார். வெளியே எந்த அரசாங்கக் கந்தோரில் யார் கேட்டாலும் அதுதான் பதில்: முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார், ஏகமனதாக நிறைவேறியது. அந்த வாசகத்தை மீறி உள்ளே வர எந்த அதிகாரிக்கும் மனம் வரவில்லை. ஊரே சேர்ந்து எடுத்த முடிவாம், நமக்கென்ன?

அந்த ஏகமனதுக்கு ஒருமுறை வாகீசனின் சொந்த வீடே இரையானது.

மனைவி ஞானாம்பிகையின் தம்பி சுபாஸ்கரன், கூட்டத்தில் எழும்பி ஒரு கேள்வி கேட்டான். "தாகத்துக்குக் குடிக்கிற தண்ணிக்கு ஏன் பூட்டு?" வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அவனை 'நிறுத்திவைக்க' வேண்டுமென்று பிரேரணை வந்தது. நிறுத்திவைத்த வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் இல்லை, மில் இல்லை, கடை இல்லை. யாரும் அந்தப் படலையைத் திறக்கக்கூடாது. கூட்டத்துக்கு முன்பு பஞ்சலிங்கம் வாகீசனின் தோளில் கை வைத்தார். "ஒரு கிழமைக்குத்தான் அண்ணை. ஒரு சம்பிரதாயம். சொந்தக்காரன் நீங்களே வழிமொழிஞ்சால் அவனுக்கும் மரியாதை." மின்விசிறி கிறீச்சிட்டது. எல்லோரும் கால்விரலைப் பார்த்தார்கள். வாகீசன் வழிமொழிந்தார்.

ஒரு கிழமை ஒரு மாரிகாலமாக நீண்டது. சுபாஸ்கரன் முறையிடக் கந்தோருக்குப் போனான். "ஊர் ஏகமனதா எடுத்த முடிவு தம்பி. வழிமொழிஞ்சது உம்மடை அத்தானாமே," என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு வவுனியாவுக்குப் போனபோது வீதியில் எல்லாப் படலைகளும் சாத்தியிருந்தன. வாகீசனின் படலையும்தான். அன்றிலிருந்து ஞானாம்பிகை தம்பியின் பெயரை வாயால் சொல்லவில்லை. கணவனை ஒரு வார்த்தை குறை சொல்லவுமில்லை. காலையில் சுவாமி விளக்கை ஏற்ற முன்பு கணவனின் கைப்பேசியை எடுத்துத் தலைவருக்குக் கும்பிடும் கையை அனுப்பிவிட்டு, பிறகு கையைக் கழுவிக்கொண்டு விளக்கை ஏற்றுவாள்.

சனிக்கிழமை காலை பஞ்சலிங்கம் மில்லுக்கு வந்தார். வாங்கில் இருந்த பெண்கள் எழும்பி ஒதுங்கினார்கள். "இருங்கோ, இருங்கோ," என்று சொல்லிக்கொண்டே அவர் அவர்கள் விட்ட இடத்தில் இருந்தார்.

"அண்ணை, ஆரணியின்ரை கலியாணம் ஆவணியிலைதானே?"

"ஓம், தலைவர். கோயிலிலை வைக்கத்தான் உங்களிட்டைக் கேட்டது."

"கோயில் உங்கடை கோயில். அதிலை என்ன கேள்வி." பஞ்சலிங்கம் ஒரு பிடி மாவை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "வடிவா அரைச்சிருக்கிறியள். தாய்மாமன் இல்லாமல் பெட்டையின்ரை கலியாணம் நடக்கக்கூடாது, அண்ணை. எனக்கே மனம் கேக்கேல்லை. சுபாஸ்கரனை வரச் சொல்லுங்கோ. தடையை எடுத்துவிடுறன்."

வாகீசனுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. ஞானாம்பிகையின் முகம் எப்படி மலரும் என்று நினைத்தார்.

"நாளைக்குக் கூட்டம் சுமுகமாய் முடியட்டும். பூரணத்தின்ரை அலுவல்தான். சுபாஸ்கரனை நிறுத்திவைச்ச காலத்திலை அவள் களவாய்த் தண்ணி குடுத்திருக்கிறாள். கிணத்தடியிலை தானே சொல்லிப்போட்டாள். விட்டால் பிறகு சபைக்கு என்ன மரியாதை?"

"அவளின்ரை புருசன் நோயாளி, தலைவர்."

"தெரியும். பாவம்." அவர் உண்மையாகவே கவலைப்பட்டவர்போல இருந்தது. எழும்பிக் கைகளைத் தட்டி மாவை உதிர்த்தார். "அதாலைதான் நீங்கள் வழிமொழிய வேணும். நீங்கள் எண்டால் ஆரும் அநியாயம் எண்டு சொல்லமாட்டினம்."

பூரணத்தின் கணவருக்குச் சிறுநீரகங்கள் பழுது. உவர்த் தண்ணீர் வாயில் படக்கூடாது என்று சாவகச்சேரியில் பார்த்த வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது. கிணறு நின்றால் அந்த மனிதரின் உயிர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதையும் ஊர் அறியும். வாகீசன் அன்று அரைத்த மாவில் அரைபடாத கப்பி கிடந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

பின்னேரம் பூரணமே வந்தாள். தலையில் இரண்டு பைகள். ஒன்றில் குரக்கன், மற்றதில் புழுங்கலரிசி.

"என்ன, கனக்கக் கொண்டுவந்திருக்கிறாய், தங்கச்சி?"

"நாளைக்குப் பிறகு நீங்கள் அரைக்கமாட்டியள்தானே, வாகீசண்ணை. வழிமொழிய முந்தி இதை அரைச்சுத் தாங்கோ."

அவள் நக்கலுக்குச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் போல. அவர் பையை வாங்கிக் கொட்டினார்.

"நீ ஏன் கிணத்தடியிலை வாயை விட்டனி? ஆருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அண்டைக்கு அவையள் பெருமை பேசிச்சினம், அண்ணை. 'எங்கடை ஊரிலை ஒரு குஞ்சுகூட ஒழுங்கை மீறேல்லை' எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சுபாஸ்கரனின்ரை சின்னவன் மதியத்திலை வேலிக்கரையிலை வந்து நிண்டு 'மாமி, செம்பு' எண்டுவான். அவ்வளவுதான் சொல்லுவான். ஒரு செம்பு தண்ணிக்கு என்ன மறைப்பு? நான் என்ன, பொன்னே குடுத்தனான்?"

வாகீசன் இயந்திரத்தின் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னவன் அவருக்கு மருமகன் முறை. அவருடைய தோளில் ஏறித் தேர் பார்த்த பிள்ளை. அந்தப் பிள்ளை தாகத்துக்கு நின்ற வேலி தன்னுடையதல்ல என்பது, எத்தனை மாதம் கழித்து, அன்றைக்குத்தான் அவருக்கு முழுதாக உறைத்தது.

"அவரின்ரை நிலைமை என்னமாதிரி?" என்று கேட்டார்.

"கால் வீங்கிக் கிடக்கு. ஆனால் பகிடிக்குக் குறைவில்லை. 'நான் செத்தால் செத்தவீட்டுக்கு ஆரும் வரக்கூடாது எண்டு சட்டம் போடுவாங்கள், உனக்குத் தேத்தண்ணிச் செலவு மிச்சம்' எண்டுறார்." அவள் மாப்பையைக் கட்டினாள். போகும்போது திரும்பி, "உங்களிலை எனக்குக் கோவமில்லை, அண்ணை. உங்கடை இடத்திலை இருந்தால் நான் என்ன செய்வனோ தெரியாது," என்றாள்.

திட்டியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

ஞானாம்பிகை முற்றத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் சொன்னதையெல்லாம் அவளுக்கு ஒளிக்காமல் சொன்னார். சொல்லி முடித்தபோது நார் அவள் விரலில் அப்படியே நின்றது.

"தம்பி வருவானோ?" இத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது.

"வரலாமாம்."

அவள் கண் நிறைந்தது. துடைக்கவில்லை. மறுபடி நாரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "வந்தவன் என்ரை முகத்தைப் பார்த்து, 'அக்கா, பூரணமக்கா எங்கை?' எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

வாகீசன் குனிந்து நிலத்தில் சிந்திய பூக்களைப் பொறுக்கி அவள் மடியில் போட்டார்.

"வழிமொழியாட்டி கோயிலும் இல்லை," என்றார் கடைசியில். "ஆரணியின்ரை கலியாணம்..."

"தெரியும்," என்றாள் ஞானாம்பிகை. கட்டி முடித்த மாலையைப் பிள்ளையாருக்குப் போடச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போனபோது மடப்பள்ளிச் சுவரில் தலைவரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளையார் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. வாகீசன் தோப்புக்கரணம் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. எதைக் கேட்பது? மகளின் கலியாணத்தைக் கேட்டால் பூரணத்தின் வீட்டைக் கொடுக்க வேண்டும். கடவுளிடம் அப்படி ஒரு பண்டமாற்றுக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை.

கூட்டம் தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. ஜன்னலோரத்தில் ஒன்றியத்து இளைஞர்கள் கைகட்டி நின்றார்கள். பூரணம் பின்வரிசையில் தனியாக இருந்தாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரைகள் இரண்டு புறமும் வெறுமையாக இருந்தன. தீர்ப்பு வருமுன்பே சனம் தள்ளி இருந்து பழகியிருந்தது.

இந்த முறை முன்மொழியும் முறை ஏரம்பு மாஸ்டருக்கு. அவர் எழும்பி, எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். ஒரு காலத்தில் வகுப்பறை அதிரப் பேசியவரின் குரல் ஒலிவாங்கியிலும் கேட்கவில்லை. வாசித்து முடித்துத் தாளை மடித்து, யாரையும் பார்க்காமல் இருந்தார்.

"வழிமொழிய ஒராள்," என்றார் பஞ்சலிங்கம். அது கேள்வியாகக்கூட இல்லை. ஒலிவாங்கியை வாகீசனின் பக்கம் தானாகவே திருப்பிவிட்டு, அடுத்த விஷயத்துக்குத் தாளைப் புரட்டினார்.

வாகீசனின் வாய் பழக்கத்தில் திறந்தது. "நான்..." என்ற சொல் ஒலிபெருக்கியால் ஊர் முழுவதும் கேட்டது. அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

பஞ்சலிங்கம் தாளைப் புரட்டுவதை நிறுத்தினார்.

மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்றது. வாகீசன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார். இந்த அமைதியை நிரப்ப ஒரேயொரு சொல் போதும். ஆயிரம் முறை சொன்ன சொல். சொன்னால் எல்லோருக்கும் மூச்சு வரும். வேலிக்கரையில் செம்பு கேட்டு நின்ற சின்னவனை நினைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை பொறுத்த தாகத்தில் ஒரு துளியையாவது தான் பொறுப்போம் என்று இருந்தார்.

"அண்ணைக்குத் தொண்டை சரியில்லைப் போலை," என்றார் பஞ்சலிங்கம், சிரித்துக்கொண்டு. "தண்ணி குடுங்கோ."

ஓர் இளைஞன் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தான். நல்ல கிணற்றுத் தண்ணீர். வாகீசன் அதை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஏலாது, தலைவர்," என்றார். அதுவும் ஊர் முழுவதும் கேட்டது.

"அப்ப வேறை ஆராவது?"

தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் தலைகள் கவிழ்ந்தன. இத்தனை வருடமும் அது வாகீசண்ணையின் வேலை. நாலு பேர் கேட்கத் தன் பெயர் ஒலிபெருக்கியில் வருவதற்கு யாருக்கும் விருப்பமில்லை. அதுவரை அவர்களுடைய பயமெல்லாம் வாகீசன் என்ற ஒரு மனிதரின் நாக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அந்த மறைப்பு விலகியதும் அவர்கள் எல்லோரும் வெளிச்சத்தில் நின்றார்கள். வீரத்தால் யாரும் பேசாமல் இருக்கவில்லை. ஆனால் கடவுள் ஒரு நல்ல காரியத்துக்கு மனிதரின் கூச்சத்தைக்கூடப் பயன்படுத்துவார்.

தலைமை வகிப்பவர் தானே வழிமொழிய முடியாது. எல்லாம் முறைப்படி நடக்கிறது என்பதுதான் பஞ்சலிங்கத்தின் கோட்டை.

"பிரேரணை ஒத்திவைக்கப்படுது," என்றார் அவர் மெல்லிய குரலில். வாகீசனைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் கோபம் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வணக்கத்தோடு இன்னொரு செய்தியும் வந்தது. திருத்தவேலை காரணமாக ஆவணி மாதம் கோயிலில் கலியாணங்கள் நடைபெறமாட்டா. மத்தியானம் மாப்பிள்ளையின் தகப்பன் கரவெட்டியிலிருந்து கைப்பேசியில் கதைத்தார். "உங்கடை ஊரிலை ஏதோ பிரச்சினையாமே. நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்." பிறகு அவர் எடுக்கவில்லை. ஆரணி அறைக்குள் இருந்து அழுதாள். வெளியே வந்து, "ஏனப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். வாகீசன் பூரணத்தின் கணவரின் வீங்கிய காலைப் பற்றிச் சொன்னார். மகள் மறுபடி உள்ளே போய்விட்டாள். அவள் மன்னித்தாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மில்லுக்கு வந்துபோன பெண்கள் வரவில்லை. தடைக்கம்பத்தடியில் நின்ற பெடியன், அதுவரை "மாமா" என்றவன், அவருடைய சைக்கிள் பையைத் திறந்து காட்டச் சொன்னான். வியாழக்கிழமை ஒலிபெருக்கி மறுபடி இருமியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சபையை அவமதித்த வாகீசன் என்பவரை நிறுத்திவைப்பதற்கான பிரேரணை. சம்பந்தப்பட்டவர் கூட்டத்துக்கு வரத் தேவையில்லை.

ஞானாம்பிகை வீட்டிலிருந்த குடங்களையும் அண்டாவையும் கழுவி, முறைக்குக் கிடைத்த நல்ல தண்ணீரை நிரப்பி மூடிவைத்தாள். அன்று அவள் தலைவரின் வணக்கத்துக்குக் கும்பிடும் கையை அனுப்பவில்லை. நேரே போய் விளக்கை ஏற்றினாள்.

ஞாயிறு பின்னேரம் இருவரும் மில் வாசலில் நின்றார்கள். வீதியில் ஒருவரும் இல்லை. தடைக்கம்பம் இறங்கியிருந்தது. போக ஓரிடமும் இல்லை. ஒலிபெருக்கி மட்டும் பேசியது. ஏரம்பு மாஸ்டரின் குரல். அவரையேதான் மறுபடி முன்மொழிய வைத்திருந்தார்கள். ஒன்றாகப் படித்த சிநேகிதனின் பெயரை வாசித்தபோது அவர் ஒருமுறை நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி வாசித்தார்.

"வழிமொழிய ஒராள்," என்றது பஞ்சலிங்கத்தின் குரல்.

வாகீசன் கண்ணை மூடிக்கொண்டார். ஒலிபெருக்கிக்குள்ளால் மின்விசிறியின் கிறீச் சத்தம் கேட்டது. யாரோ கதிரையை நகர்த்தினார்கள். யாரோ இருமினார்கள். இருமல் பேச்சாக மாறப்போகிறதென்று அவர் காத்திருந்தார். மாறவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் பயந்த அமைதி ஊரின் தலைக்கு மேலே, பனைகளுக்கு மேலே, கடனீரேரி வரைக்கும் பரந்து கிடந்தது. ஞானாம்பிகை அவருடைய கையைப் பிடித்தாள்.

"ஆராவது?" என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, "ஆருமே இல்லையோ?" என்றது. அந்தக் குரலில் முதல்முறையாக ஒரு மனிதரின் பயம் தெரிந்தது. பிறகு ஒலிபெருக்கி டப்பென்று நின்றது.

சனம் கலைந்து வந்தது. வாகீசனை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏரம்பு மாஸ்டர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார். பூரணம் போகும்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கிணற்றில் பூட்டு அப்படியே இருந்தது. தடைக்கம்பமும் படமும் கமெராவும் அப்படியே இருந்தன. நாளைக்கு வேறு ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

லூர்த்தம்மா மட்டும் மில் வாசலில் நின்றாள். வீட்டுக்குப் போய் எடுத்துவந்த மிளகாய்ப் பை அவள் கையில் இருந்தது. மேலே கமெராவை ஒருமுறை பார்த்தாள். பிறகு பையை வாங்கில் வைத்தாள்.

"மில் பூட்டியாச்சோ, அண்ணை?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப அரையுங்கோ. கேட்டுக் கேட்டு ஆரின்ரையோ தொண்டை காய்ஞ்சுபோச்சாம், எங்களுக்கும் கறி காரமில்லை."

வாகீசன் பட்டியைச் சரிசெய்து சுவரிலிருந்த மின் ஆழியைப் போட்டார். இயந்திரம் உறுமிக்கொண்டு எழும்பியது. மிளகாயின் நெடி மூக்கில் ஏற, மூன்று பேருக்கும் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து மின்கம்பத்து ஒலிபெருக்கி இரண்டு முறை இருமிவிட்டுப் பேசத் தொடங்கியது.

வாகீசனின் கை ஆழியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையால் லூர்த்தம்மாவின் பையிலிருந்து இன்னுமொரு பிடி மிளகாயை அள்ளிப் போட்டார்.

ஒலிபெருக்கி என்ன சொன்னதென்று மில்லுக்குள் நின்ற ஒருவருக்கும் கேட்கவில்லை.